மிளிரியில் இரண்டு கோடுகள்

1846 மார்ச் 9, திங்கள். கண்டி

காலையிலேயே ஒரு வாய். கம்பளைப் பக்கத்துக் கோப்பித் தோட்டத் துரை ஒருவர். குதிரையிலிருந்து இறங்கி, தொப்பியைக்கூடக் கழற்றாமல் கதிரையில் சாய்ந்து வாயைத் திறந்தார். மேலே பிராந்தி, அதற்குக் கீழே சுருட்டு, அதற்கும் கீழே செத்த எலியின் வாடை. பிராம்லி துரை பல் பிடுங்கும் சாவியை மாட்டித் திருகினார். நான் தலையைப் பிடித்துக்கொண்டேன். பல்லோடு தாடை எலும்பில் ஒரு துண்டும் வந்தது. சீழ் என் சட்டைக் கையில் வடிந்தது. துரை எழுந்து என் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டு போனார். சுவரில் துடைக்கிற மாதிரி.

யாழ்ப்பாணத்தில் மிஷன் பள்ளியில் எட்டு வருடம் கணிதமும் வானசாத்திரமும் படித்தவன் நான். இருபத்துநாலு வயது. இங்கே இங்கிலீஷ்காரப் பல் வைத்தியரிடம் எச்சில் துடைக்கிறேன். அம்மாவுக்கு “டொக்டருக்கு உதவியாள்” என்று எழுதியிருக்கிறேன். பொய் இல்லை. ஆனால் உண்மையும் இல்லை.

மத்தியானம் சட்டையை இரண்டு தரம் துவைத்தேன்.

மார்ச் 11

இந்த வீட்டில் நான் அருவருக்காத பொருள் ஒன்றே ஒன்று. துரையின் பூதக்கண்ணாடி, பித்தளைக் குழாயில் அடுக்கு வில்லைகள் வைத்தது.

அதை என்னிடமே விட்டிருக்கிறார். பல்லை நெடுக்காக அறுத்து, சாணைக்கல்லில் கடதாசி அளவுக்குத் தேய்த்து, கண்ணாடியின் கீழ் வைத்துப் படம் வரைவது என் வேலை. பல்லின் மேலே மூடியிருக்கிற வெள்ளை ஓட்டை அவர் எனாமல் என்கிறார். மிளிர்கிறதால் நான் மிளிரி என்று எழுதிக்கொள்கிறேன்.

வெளியே பார்க்க வழுவழுப்பான ஒரே ஓடு. உள்ளே அப்படி இல்லை. தலைமயிரைவிட மெல்லிய கம்புகள், ஆயிரமாயிரம், நெருக்கி நெருக்கி நட்ட மாதிரி நிற்கின்றன. எங்கள் ஊரில் கதியால் நட்டு வேலி அடைப்பார்களே, அதைப்போல. நேராகவும் இல்லை, காற்றில் சாய்ந்ததுபோல வளைந்து வளைந்து. குறுக்கே மங்கலான பழுப்புக் கோடுகள், வெட்டிய மரத்தில் வருவதுபோல.

உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். இரத்தம் இல்லை, நரம்பு இல்லை, வலியும் இல்லை. அதனால்தானோ என்னவோ எனக்கு அதைப் பிடிக்கிறது.

மார்ச் 16

தேசிக்காய்ச் சாற்றில் ஐந்து நாள் போட்டு வைத்த பல்லை இன்று எடுத்தேன். மினுக்கம் போய்ச் சுண்ணாம்புபோல வெளிறிவிட்டது. நகத்தால் சுரண்ட மாவாக வருகிறது. சீனியும் புளிப்பும் வாயில் ஊறினால் உயிரோடிருக்கிற பல்லுக்கும் இதுதான் நடக்கும் என்றார் துரை. தோட்டத் துரைமார் நாள் முழுக்கக் குடிப்பது சீனி போட்ட தேசிக்காய்த் தண்ணீரும் பிராந்தியும். பிறகு இங்கே வந்து என் தோளில் துடைக்கிறார்கள்.

“போனது திரும்ப வளராதா?” என்று கேட்டேன்.

வளராதாம். மிளிரி தாடைக்குள்ளேயே உண்டாகி முடிந்துவிடுகிறது. பிள்ளை பால் குடிக்கும் காலத்திலேயே, பால்பல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் நிலைப்பல்லின் மேல், நுனியில் தொடங்கி ஈறுப் பக்கமாகப் படிந்துகொண்டு வரும். படிய வைக்கிற தசை, பல் வெளியே வரும்போது அழிந்துபோகும். பிறகு பழுதுபார்க்க ஆளில்லை. அந்த நாட்களில் பிள்ளைக்குக் கடும் நோயோ பட்டினியோ வந்தால் வேலை நின்று போகும். அந்த இடத்தில் பல்லின் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழும். உடம்பு தேறி, ஆள் வளர்ந்து, எல்லாரும் மறந்த பிறகும் கோடு அப்படியே இருக்கும்.

இதைச் சொல்லும்போது மட்டும் அவர் நல்ல மனிதராகத் தெரிகிறார். என் படங்களை வருகிற கப்பலில் லண்டன் வைத்தியச் சங்கத்துக்கு அனுப்பப் போகிறாராம். கீழே என் பெயரும் இருக்குமாம். அருளப்பு, கண்டி.

மார்ச் 20

ஒன்பது வாய்கள். எழுத மனமில்லை.

மார்ச் 28

பெல்டன் துரைசாணி வந்தார். புசல்லாவைப் பக்கம் பெரிய தோட்டம். முப்பது வயது இருக்காது. மேல்வாயில் முன் பற்கள் நாலும் சொத்தை. பிராம்லி துரை அவற்றைப் பிடுங்கிவிட்டு, கட்டுப் பல் செய்து தருவதாகச் சொன்னார். அழுதார் பாவம். ராணியின் பிறந்த நாளுக்கு நடனம் இருக்கிறதாம், அதற்குள் வேண்டுமாம்.

கட்டுப் பல்லின் அடித்தட்டு நீர்யானைத் தந்தம். பல்லையும் அதிலேயே செதுக்கலாம், ஆனால் தந்தத்தில் மிளிரி கிடையாது. ஆறு மாதத்தில் மஞ்சளாகி, அழுகி, பக்கத்தில் நிற்க முடியாமல் நாறும். சீமையில் செய்கிற மண் பல் கோப்பைத் துண்டுபோலக் கடகடக்கும், பேசும்போது உடையும். ஆகவே நல்ல வாடிக்கையாளருக்கு மனிதப் பல். மிளிரி பழுதாகாத உண்மையான முன் பல். தங்க ஆணி அடித்துத் தட்டில் பொருத்துவது.

அவை சீமையிலிருந்து டப்பாவில் வருகின்றன. யாருடையவை என்று நான் யோசித்ததில்லை. யுத்தத்தில் செத்த வீரர்களாக இருக்கும் என்று ஒரு எண்ணம்.

ஏப்ரல் 2

புது டப்பா. கழுவி, சாம்பல் தண்ணீரில் அவித்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டுவது என் பங்கு. பானை கொதிக்கும்போது வருகிற வாடையை எப்படி எழுதுவது? ஆட்டுத்தலை அவிக்கிற வாடைதான். அதனால்தான் குமட்டுகிறது. பசிக்கிற வாடையும் அதுவே.

சுரண்டும்போது இரண்டு விஷயம் பார்த்தேன்.

ஒன்று: பல பற்களின் கழுத்தில் செங்கபிலக் கறை. வெற்றிலைக் கறை. சீமையில் வெற்றிலை ஏது?

இரண்டு: நாலைந்து பற்களின் நுனி நேராக இல்லை, மூன்று சிறு மொட்டுகளாக இருந்தது. பல் புதிதாக முளைக்கும்போதுதான் அப்படி இருக்கும். இரண்டு மூன்று வருடம் கடித்து மென்றால் தேய்ந்து நேராகிவிடும். வேரையும் திருப்பிப் பார்த்தேன். அடி மூடவில்லை. புல்லாங்குழல்போலத் திறந்திருந்தது.

எட்டு வயது. அதிகம் போனால் ஒன்பது.

பானையை இறக்கி வைத்துவிட்டு வெளியே போய்ச் சத்தியெடுத்தேன்.

ஏப்ரல் 3

கேட்டேன். “துரை, இவை எங்கிருந்து?”

மறைக்கவே இல்லை. கட்டுகஸ்தோட்டைத் துறையில், மகாவலிக் கரையில் ஒரு மடுவம், பெரிய கொட்டகை, இருக்கிறது. மன்னாரில் கரையிறங்கி, காடு வழியே மாத்தளை ரோட்டில் நடந்து வருகிற கூலி ஆட்களில் நடக்கமாட்டாமல் விழுகிறவர்களைக் கொண்டுவந்து போட, தோட்டக்காரர்கள் சேர்ந்து கட்டியது. பேதி, காய்ச்சல். புதைக்கிற வேலை காவற்காரன் கணபதிக்கு. புதைப்பதற்கு முன் அவன் குறடு போட்டுப் பிடுங்கிக் கொண்டுவருகிறான். டப்பாவுக்கு ஒரு போத்தல் சாராயம்.

“செத்தவன் எதை மெல்லப் போகிறான், அருளப்பு? மண் தின்கிறதை ஒரு பெண் போட்டுக்கொண்டு சிரித்தால் என்ன பாவம்?”

பதில் சொல்ல வாய் எடுத்தேன். அவர் மேசையில் என் படங்களை உறையில் வைத்து அரக்கு ஒட்டிக்கொண்டிருந்தார். வாயை மூடிக்கொண்டேன்.

இதை எழுதவே கூசுகிறது. சாராயத்துக்குக் கணபதி. பெயருக்கு நான்.

ஏப்ரல் 18

இன்று கணபதியே வந்தான். முன்பெல்லாம் பின்வாசலில் டப்பாவை வைத்துவிட்டுப் போய்விடுவானாம். நெடிய ஆள், எண்ணெய் வைத்த குடுமி, சிரித்த முகம். வாழையிலையில் சுற்றி நாலு பல் கொண்டுவந்தான். “ஒரே வாய்ப் பல்லுங்க. தொரை கேட்ட மாதிரி.”

துரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிறுபிள்ளைபோல மகிழ்ந்தார். நாலும் ஒரே நிறம், வெற்றிலைக் கறை இல்லை, சொத்தை இல்லை. நுனி தேய்ந்து நேராகிவிட்டது, வேர் மூடிவிட்டது. வளர்ந்த இளம் ஆளின் பல். ஒரு குறைதான்: ஒவ்வொன்றிலும் குறுக்கே இரண்டு பள்ளக்கோடுகள். நடுப்பற்கள் இரண்டிலும், நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி ஒன்று, ஈறுக்குக் கிட்ட இன்னொன்று, இரண்டாவது ஆழம். பக்கத்துப் பற்களில் அவையே கொஞ்சம் நுனிப் பக்கமாக.

“மெருகு போடு. மிச்சத்தை உதடு மறைக்கும்.”

மெருகு போடுவதற்கு முன் கோடுகளை அளந்து படம் வரைந்துகொண்டேன். இவ்வளவு தெளிவான கோடுகளை இதுவரை நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை செத்துப் பிழைத்த பிள்ளை.

வேரைச் சுற்றி இரத்தம் கெட்டியாக உறைந்திருந்தது. நிறைய. முந்தைய டப்பாக்களில் இப்படி இருந்ததில்லை. செத்த உடம்பிலிருந்து எடுத்தால் இவ்வளவு —

அவித்துவிட்டேன். துளைத்தேன். ஆணி அடித்தேன்.

ஏப்ரல் 25

பெல்டன் துரைசாணி கட்டுப் பல்லைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். பல நாளாக வாயில் கைக்குட்டை வைத்துக்கொண்டே பேசியவர். இன்று சத்தமாகச் சிரித்தார். என்னிடமும் நன்றி சொன்னார். கைகொடுக்கவில்லை, ஆனால் சொன்னார்.

நான் அந்த நாலு பல்லையும் பார்த்துக்கொண்டு நின்றேன். உதடு மறைக்கவில்லை.

ஏப்ரல் 27



பக்கத்துக் கடை ஹுஸைன் நானா மத்தியானம் வந்து கூப்பிட்டார். அரிசி, கருவாடு வியாபாரம் அவருக்கு. மாத்தளைக்கு வண்டி போய் வரும். “தம்பி, ஒருக்கா வாங்கோ. எங்கட வண்டிக்காரன் ரோட்டோரம் கெடந்த ஒரு பொம்புளைய ஏத்திக்கொண்டு வந்தீக்கிறான். வாயெல்லாம் புண்ணாகிப் பழுத்துப் போய் ஈக்கிது. ஒங்கட தொர கூலியாள்ட வாயப் பாக்க மாட்டாரே.”

கடையின் பின்னால் சாக்குக் கொட்டிலில் படுத்திருந்தாள். நானாவின் மனைவி சித்தி றலியா தலையை மடியில் வைத்து, துணியில் நனைத்துக் கஞ்சி பிழிந்துகொண்டிருந்தார். பதினெட்டு வயது இருக்கலாம். முகம் முழுக்க வைசூரித் தழும்பு. மேலுதடு வீங்கித் தொங்குகிறது.

வாயைத் திறக்கச் சொன்னேன். வாடை முகத்தில் அடித்தது. மேல்வாயில் முன் பற்கள் நாலும் இல்லை. குழிகள் கிழிந்து, சீழ் கட்டி, ஒரு பக்கம் எலும்பு தெரிந்தது. உப்புத் தண்ணீரால் கழுவினேன். கழுவக் கழுவக் கீழ்ப் பற்கள் தெரிந்தன.

கீழ்ப் பற்களில், குறுக்கே, இரண்டு கோடுகள்.

ஐயோ, என்ரை ஆண்டவரே.

ஏப்ரல் 28

அளவுக் கவராயத்தையும் 18ஆம் திகதி வரைந்த படத்தையும் கொண்டு போனேன். ஒத்துப் போகக் கூடாது என்று வழியெல்லாம் செபித்தேன்.

ஒத்துப் போகிறது. முன் பற்கள் எல்லாம் தாடைக்குள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் உண்டாகின்றன; ஒரு நோய் எல்லாவற்றிலும் கோடு போடும். கோரைப்பல் மெதுவாக வளர்வது, அதனால் அதே கோடு அதில் நுனிக்குக் கிட்ட விழும். அப்படியே இருந்தது. முதற் கோடு ஆழம் குறைவு, இரண்டாவது ஆழம். இரண்டுக்கும் உள்ள தூரமும் கணக்குப்படி. ஒரே பிள்ளையின் ஒரே இரண்டு கஷ்டங்கள்.

“சின்ன வயசில் உமக்கு என்ன வருத்தம் வந்தது?” என்று கேட்டேன்.

அவள் பெயர் பாலம்மா. மேல்பற்கள் இல்லாமல் சொற்கள் காற்றாகப் போகின்றன. இரண்டு மூன்று தரம் கேட்டுத்தான் விளங்கியது. “நான் நடக்கப் பழகினப்போ பஞ்சமுங்க. எலி தின்னோம்னு ஆத்தா சொல்லும். அப்புறம் ஓடியாடித் திரியுறப்போ அம்மை போட்டுச்சு. பாடை கட்டிட்டாங்களாம்.”

பஞ்சம் முதற் கோடு. வைசூரி இரண்டாவது. நான் அதற்கு மெருகு போட்டேன்.

மெல்ல மெல்ல மற்றதையும் சொன்னாள். புருஷன் மூக்கையாவோடு புசல்லாவைக்குக் கோப்பிப் பழம் பறிக்க வந்தார்களாம். நாலண்டாவுக்கு இப்பால் இருவருக்கும் காய்ச்சல். கங்காணி மடுவத்தில் போட்டுவிட்டுக் கூட்டத்தோடு போய்விட்டான்.

“முழிச்சப்போ வாயி நெறையா ரத்தமுங்க சாமி. நாக்கால தடவுறேன், பல்லு இல்ல. ஒருத்தன் எம்மேல குனிஞ்சு நிக்கிறான், கையில குறடு. நான் கத்தினதும் பேயக் கண்ட மாதிரி ஓடினான். அவரு பக்கத்துல கெடந்தாரு. தொட்டேன், சில்லுன்னு இருந்தாரு. அவரு வாயும் தொறந்து கெடந்துச்சு.”

சித்தி றலியா முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். நான் அழவில்லை. அழ எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?

ஏப்ரல் 29

துரையிடம் சொன்னேன். உயிரோடிருந்தவளின் பல் என்றேன். அவர் முகம் ஒரு நொடி வெளுத்தது; அதைப் பார்த்தேன். பிறகு கைகழுவும் கிண்ணத்துக்குப் போய் விரல் விரலாகக் கழுவினார்.

“கணபதி செய்த பிழை. அவனை இனி வைத்துக்கொள்ள மாட்டேன்.”

“அந்தப் பெண்?”

“ஏதாவது கொடுத்து அனுப்பு. அருளப்பு, நீ புத்திசாலி. உன் படங்கள் இன்னும் இந்த மேசையில்தான் இருக்கின்றன. கப்பல் மே இருபதாம் திகதி. யோசித்துக்கொள்.”

யோசித்தேன். அதுதான் வெட்கம். ஒரு பகல் முழுக்க யோசித்தேன். லண்டனில் யாரோ ஒரு பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் பெயரை வாசிப்பதை இருபது தரம் கண் முன்னால் கொண்டுவந்து பார்த்தேன். ஒவ்வொரு தரமும் அவருடைய வாயில் கட்டுப் பல் இருந்தது.

மே 1

கச்சேரிக்குப் போய் முறைப்பாட்டில் கையெழுத்து வைத்துவிட்டேன்.

மே 2

துரை என்னோடு பேசுவதில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. வழக்கு முடியும்வரை நிறுத்தினால் தனக்குக் கெடுதல் என்று நினைக்கிறார்போல. ஹுஸைன் நானா சொன்னார்: “தம்பி, ஒங்களுக்குப் பைத்தியம்தான். ஆனா நல்ல பைத்தியம்.” இரவுச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னார். போனேன். இறைச்சியைத் தொட முடியவில்லை.

மே 11, திங்கள்

நீதிமன்றம். எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும்.

கணபதி கும்பிட்டுக்கொண்டு நின்றான். “செத்த பொணம்னு நெனச்சேங்க எசமான்.” நீதவான் துரை செத்தவர் பல்லைப் பற்றிக் கேட்கவே இல்லை. அது வழக்கே இல்லைபோல. உயிரோடு இருந்தவளின் பல்தான் வழக்கு. பிடுங்கினவன் இவன்தான், பிடுங்கப்பட்டது இவளுடையதுதான் என்பதற்கு என்ன ஆதாரம் என்றார்.

நான் படத்தைக் காட்டினேன். மிளிரி எப்படி, எப்போது உண்டாகிறது, கோடு ஏன் விழுகிறது, ஏன் ஒருவருடைய கோடு இன்னொருவருடையதோடு அச்சாக ஒத்துப் போவது அரிது என்று இங்கிலீஷிலேயே சொன்னேன். பிறகு பாலம்மாவை முன்னே வரச் சொன்னார்கள். சபைக்கு முன்னால் வாயைத் திறந்து காட்டினாள். மாட்டுச் சந்தையில் பல் பிடித்துப் பார்ப்பதுபோல இருந்தது. அதைச் செய்வித்தவன் நான். நீதவான் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு இறங்கி வந்து குனிந்து பார்த்தார். அவர் படத்தையும் வாயையும் மாறி மாறிப் பார்த்தார். நாலு தரம்.

“சரி. அந்த நாலு பற்களும் இப்போது எங்கே?”

பிராம்லி துரை என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதல் தடவையாகக் கெஞ்சல் இருந்தது.

“பெல்டன் துரைசாணியின் வாயில்,” என்றேன்.

மொழிபெயர்ப்பு முதலியார் அதைத் தமிழில் சொல்லவில்லை. பாலம்மா என்னைப் பார்த்து, “என்னங்க சாமி சொன்னீங்க?” என்று கேட்டாள். நான்தான் சொன்னேன்.

கணபதிக்கு ஆறு மாதம், இருபது கசையடி. விலைக்கு வாங்கிய பிராம்லி துரைமேல் குற்றமில்லை. பாலம்மாவுக்கு என்று ஒரு வார்த்தையும் இல்லை.

மே 13

காலையில் பெல்டன் பங்களாவின் பட்லர் வந்தான். அடுப்புக் கரி எடுக்கிற இடுக்கியில் ஒரு கடதாசிப் பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளே கட்டுப் பல். துரைசாணி இரண்டு நாளாகச் சத்தியெடுக்கிறாராம். வாயை விடாமல் பிராந்தியால் கொப்பளிக்கிறாராம்.

மத்தியானத்துக்குள் இன்னும் மூன்று பொட்டலம். சாயங்காலம் ஒரு கப்டன் நேரே வந்து தன் பல்லைக் கழற்றித் துரையின் மேசையில் எறிந்தார். “கூலியின் பல்லையா என் வாயில் வைத்தாய்?” என்று கத்தினார். பல் இல்லாத வாயால் கத்தியதில் துரையின் முகமெல்லாம் எச்சில்.

எனக்கு இது தித்திக்கும் என்று நினைத்திருந்தேன். இல்லை. முன்னையதைவிடக் குமட்டுகிறது. பிள்ளையின் வாயில் எடுத்ததே, அதுக்கு ஒருத்தரும் சத்தியெடுக்கேல்லை. உயிரோடை பிடுங்கினதுக்கு எடுக்கேல்லை. கூலியின்ரை பல் எண்டதுக்குத்தான் எடுக்கினம். சீமைப் பிணத்தின் பல் என்று சொல்லியிருந்தால் இன்றைக்கும் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அவளுடைய பெயர் என்ன என்றுகூட ஒருவர் கேட்கவில்லை.

மே 16

பிராம்லி துரை கொழும்புக்கு வண்டி ஏறினார். பூதக்கண்ணாடியும் போனது. என் படங்கள் முப்பத்தொன்றும் போயின. உறையின் மேல் தன் பெயரை மட்டும் எழுதியிருந்தார். நான் பார்க்க வேண்டும் என்றே மேலே வைத்திருந்தார்.

கட்டுப் பற்களையும் பல் இழுப்பறையையும் விட்டுவிட்டார். இனி யாருக்கும் வேண்டாம்.

மே 17, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை.

பாலம்மா இப்போது எழுந்து நடக்கிறாள். சித்தி றலியாவோடு அரிசி புடைக்கிறாள். புண் ஆறுகிறது. பெல்டன் துரைசாணியின் கட்டுப் பல்லை வெந்நீரில் மூன்று தரம் கழுவி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கொண்டு போனேன். தட்டை அவள் வாய்க்கு அளவெடுத்துத் திருத்தித் தருகிறேன், மறுபடி கடிக்கலாம், பேச்சும் தெளிவாக வரும் என்றேன். எனக்குள்ளே ஒரு பெருமைகூட இருந்தது. நான் சரிக்கட்டப் போகிறேனாம்.

துணியை விரித்துப் பார்த்தாள். தொடவில்லை.

“எம் பல்லுதானுங்களா?”

“ஓம்.”

“இத வச்சு அந்த அம்மா தின்னுச்சா?”

“ஓம்.”

முகம் சுருங்கியது. “வேணாமுங்க சாமி. எத்தனை தடவ கழுவினாலும் அடுத்தவ மென்னு துப்புன எச்சி. எங்கிட்ட இருந்தவரைக்கும் அது பல்லு. இப்ப அது அசிங்கம்.”

இந்த ஊரில் இதுவரை ஒருவரும் இவ்வளவு சரியாக அருவருத்து நான் பார்த்ததில்லை.

கொஞ்சம் கழித்துக் கேட்டாள்: “எங்க வீட்டுக்காரரு பல்லும் அங்க இருக்குமுங்களா?”

இழுப்பறையைக் கொண்டுவந்து பாயில் கொட்டினேன். மூக்கையாவுக்கு முன் பற்கள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்குமாம். சிரித்தால் கீழுதட்டில் முட்டுமாம். வாயை விட்டு வெளியே வந்த பல்லில் அது எப்படித் தெரியும்? உரசிய இடம் தேய்ந்திருக்கும் என்று நான் ஒவ்வொன்றாகப் புரட்டினேன். ஒன்றிரண்டு அப்படி இருந்தன. இதுதான் என்று சொல்ல என்னால் முடியவில்லை. வாயை மூடிய நிலையில்கூட நான் அந்த மனிதனைப் பார்த்ததில்லை.

“வுடுங்க. எல்லாத்தையும் பொதச்சுப்புடலாம். அவரும் அதுக்குள்ளதான இருப்பாரு.”

சாயங்காலம் ஹுஸைன் நானாவின் வண்டியில் கட்டுகஸ்தோட்டைக்குப் போனோம். நானாவே மண்வெட்டி பிடித்தார். எல்லாப் பல்லும், கட்டுப் பல்லும், பொன் ஆணியோடு. ஆணியைக் கழற்றலாமே என்று வண்டிக்காரன் சொன்னபோது நானா மண்ணைத் தள்ளினார். பிறகு மெல்ல ஏதோ ஓதினார். பாலம்மா மண்ணைக் கையால் தட்டிவிட்டாள், அடுப்பு மெழுகுவதுபோல, ஒரே அளவாக.

எனக்கு ஒரு செபமும் வரவில்லை.

மே 26

வேலை இல்லை. அம்மாவுக்கு எழுதவில்லை. மதிய வெயிலில் வாவிக் கரையைச் சுற்றி வந்தேன். ராணி பிறந்த நாள் நடனம் நேற்று நடந்ததாம்.

ஜூன் 8

மடுவத்துக்கு எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டுமாம். அந்த வழக்குக்குப் பிறகு தோட்டக்காரர்களுக்குப் பெயர் கெடுகிறதென்ற பயம். இறந்தாரா இல்லையா என்று பார்த்துக் கையெழுத்து வைத்த பிறகுதான் இனிப் புதைக்க வேண்டுமாம். ஹுஸைன் நானா வந்து சொன்னார். “யாரும் போக மாட்டாங்க, தம்பி. நாத்தம் புடிச்ச வேல.”

பாலம்மா முற்றத்தில் நின்றாள். “நான் கஞ்சி காய்ச்சப் போறேனுங்க. அங்க ஒரு வாய் தண்ணி குடுக்க ஆளில்லாமத்தான அவரு போனாரு,” என்றாள். நான் போகிறேனா என்று கேட்கவில்லை.

ஜூன் 15. கட்டுகஸ்தோட்டை

மடுவம். ஈ, பேதி, நனைந்த கம்பளி. எழுதத் தெரிந்த சொற்களுக்குள் இந்த வாடை அடங்காது. முதல் நாளே ஓடிவிடலாம் என்று நினைத்தேன். துறையில் தோணி அக்கரையில் நின்றது. அதனால் ஓடவில்லை.

ஜூலை 2

கொழும்புப் பத்திரிகையில் பிராம்லி துரையின் விளம்பரம். கோட்டைக்குள் புது இடம். “உத்தரவாதமான ஐரோப்பியப் பற்கள் மட்டும்.” நானா கருவாடு சுற்றிக் கொடுத்த தாளில் இருந்தது.

ஆகஸ்ட் 3, திங்கள்

மழை. மாத்தளைப் பக்கமிருந்து இரண்டு வண்டி. ஆறு பேரைச் செத்ததென்று இறக்கினார்கள். வண்டிக்காரனுக்கு அவசரம்.

ஒவ்வொருவராகப் பார்த்தேன். இமை, கழுத்து நரம்பு, பிறகு வாயைத் திறந்து கண்ணாடித் துண்டைப் பிடிப்பது. முதல் ஐந்து பேருக்கும் கையெழுத்து வைத்தேன். பெயர் தெரிந்தவர் இருவர். மற்ற மூவருக்கு உடைமையும் அடையாளமும் எழுதினேன். அதில் ஒன்று சிறு பெண்.

ஆறாவது ஆள் ஐம்பது வயசுக்காரர். தாடை இறுகியிருந்தது; விரலை நுழைத்துத்தான் திறந்தேன். வாய்க்குள் புண், கட்டிப்போன சளி, பொறுக்க முடியாத வாடை. பற்கள் வெற்றிலையில் கறுத்து, மிளிரி பாதி தேய்ந்துவிட்டது. கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துவிட்டு மறுபடி பிடித்தேன். பிறகு சளியை விரலால் வழித்தெடுத்துவிட்டு மூன்றாம் தரம் பிடித்தேன்.

ஒரு ஓரத்தில், நகக்கண் அளவு, ஆவி படிந்தது.

பாலம்மாவைக் கூப்பிட்டேன். தலையைத் தூக்கிப் பிடித்தாள். கரண்டி கரண்டியாக, விக்கவிடாமல், மத்தியானம்வரை. இரண்டு மணிக்குக் கண் திறந்தது.

பெயர் கறுப்பையா. தேவகோட்டைப் பக்கம். கஞ்சியில் உப்புப் போதாது என்கிறார்.